கிராணி பங்களாவின் பெரணிகள்

ஆற்றங்கரைத் தோட்டம், செனாவாங்
25 ஏப்ரல் 1943

அன்புள்ள வள்ளியம்மா அக்காவுக்கு,

தங்கை பஞ்சாலை வணக்கத்துடன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவின் இருமல் குறைந்ததா, உன் காலில் இருந்த புண் ஆறியதா என்று முதலில் எழுது.

போன வாரம் என் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்திருக்கும். சித்தப்பா சொல்லச் சொல்ல எழுதியது. அதில் உள்ள எதையும் நம்பாதே. இதைத்தான் நானாக எழுதுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு, சமையல்கட்டில், அடுப்பில் மிச்சமிருக்கும் தணலை ஊதி ஊதி அந்த வெளிச்சத்தில். சித்தப்பாவுக்குக் காட்டாமல் யாரும் கடிதம் அனுப்பக் கூடாது. அனுப்பிய ஒரு கங்காணியின் மகனை ஜப்பான் போலீஸ் சிரம்பானுக்குக் கொண்டுபோனது. இன்னும் திரும்பவில்லை. கரி லாரி ஓட்டுகிற நல்லசாமி அண்ணன் இதைக் கொண்டுவந்து தருவார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

என்னைப் படிக்க வைப்பதாகச் சொல்லித்தானே சித்தி கூட்டி வந்தாள். காலையில் பள்ளிக்கூடம் உண்டு. ஜப்பான் பாட்டு மட்டும் சொல்லித் தருகிறார்கள். மத்தியானம் முதல் இருட்டும் வரை என் வேலை செடி. சித்தப்பா ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணிதான் என்றாலும், ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில்தான் இவர்கள் இப்போது இருக்கிறார்கள். பெரிய கூடம். ஆனால் துரை ஓடிப்போன வாரத்திலேயே நாற்காலி, மேசை, திரைத்துணி எல்லாவற்றையும் ஊர் அள்ளிக்கொண்டு போய்விட்டது. சுவரில் படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெள்ளை வெள்ளையாகக் கட்டம் கட்டி நிற்கின்றன. ஆள் எடுக்கும் ஜப்பான் அதிகாரி இனி அடிக்கடி இங்கே வந்து தங்கப் போகிறான். சித்திக்கு அந்தக் கட்டங்களைப் பார்க்கவே கூச்சம்.

"துணியுமில்ல, சாமானுமில்ல. காடுதான் இருக்கே, அதக் கொண்டாந்து நெரப்பு. நீ மரத்தடியில பொறந்தவதானே" என்றாள்.

ரப்பர் பால் வெட்டு குறைந்துபோய், பால் பிடிக்கிற மங்குகள் சும்மா கிடக்கின்றன. அவற்றில் மண் போட்டுப் பெரணி வைக்கிறேன். ரப்பர் மரத்திலிருந்து பட்டையோடு பெயர்த்தெடுத்த செடிகளைப் பலகையில் கட்டி அந்த வெள்ளைக் கட்டங்களின் மேல் மாட்டுகிறேன்.

அக்கா, இதை மட்டும் அப்பாவிடம் சொல்லாதே. தம்பின் வரைக்கும் உள்ள தோட்டங்களில் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பொறுக்குவது சித்தப்பா. "இந்த வீடு அவன் கண்ணுக்குப் பிடிச்ச மாதிரி இருக்கிற வரைக்கும் உங்கப்பன் பேர் என் வாயில வராது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அடித்தாலும் இருக்கிறேன்.

நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள மரத்தில் மான்கொம்புச் செடி ஒன்று இருக்கிறதே, அதை நல்லசாமி அண்ணனிடம் கொடுத்து அனுப்பு. இங்கே ஒன்றுகூட இல்லை.

அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
பஞ்சாலை

—

கல்மலைத் தோட்டம், தம்பின்
9 மே 1943

பஞ்சாலைக்கு,

வள்ளியம்மா எழுதுவது. என் கால் ஆறவில்லை. ஆறுவதற்குத் தடவ எண்ணெய் வேண்டும், எண்ணெய் இல்லை. அப்பா இருமுகிறார். இருமிக்கொண்டே வேலைக்குப் போகிறார். கேட்டாயே, அதற்காகச் சொன்னேன்.

உன் கடிதத்தைப் படித்து எரிக்கச் சொன்னாய். எரித்தேன். படிக்காமலே எரித்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது. நாங்கள் இங்கே மரவள்ளிக் கிழங்கைக் காலையில் அவித்தும் இரவில் சுட்டும் தின்கிறோம். கட்டிக்கொள்ளச் சேலை இல்லாமல் மாறி மாறி வெளியே போகிற பெண்கள் இந்த லயத்தில் இருக்கிறார்கள். நீ கூடத்துச் சுவருக்குச் செடி கேட்கிறாய்.

அம்மா கிடந்தபோது சித்தி எட்டிப் பார்த்தாளா? செத்த பிறகு வந்து, வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். அவளுடைய வீட்டை நீ அலங்கரிக்கிறாய். அப்பாவைக் காப்பாற்றத்தான் என்கிறாய். கிராணியின் வாக்கை நம்புகிற ஆள் நீ ஒருத்திதான்.

பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் மரத்தில் ஏறி மான்கொம்பைப் பெயர்த்துக் கொடுத்தார். செல்லம்மா அண்ணி வயிற்றுப் பிள்ளையோடு நின்று, "பஞ்சாலைக்கா? பாத்து எறக்குங்க, கொம்பு ஒடஞ்சா அந்தப் பொண்ணுக்குத்தான் அடி" என்றாள். அவளுக்கு இருக்கிற இரக்கம் எனக்கு வரவில்லை.

செடி வருகிறது. அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

வள்ளியம்மா

—

செனாவாங்
30 மே 1943

அன்புள்ள அக்காவுக்கு,

பஞ்சாலை எழுதுவது. நான் சுகம். உன் கால் புண்ணுக்குத் தடவக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். சித்தி தலைக்குத் தடவிக்கொள்ளச் சொல்லி எனக்குக் கொடுத்தது. சீக்கிரம் ஆறட்டும்.

மான்கொம்பு வந்தது. எவ்வளவு திட்டினாலும் அனுப்பினாயே. வாசலுக்கு நேர் எதிரே மாட்டினேன்.

அதிகாரி வந்தான். கூடவே சிரம்பானில் இருந்து ஒரு தமிழ் ஆள், பேச்சை மாற்றிச் சொல்பவர். சித்தி கூடம் முழுக்கப் பூவாக வைக்கச் சொல்லியிருந்தாள். செம்பருத்தி, காகிதப்பூ, காட்டில் கிடைத்ததெல்லாம். அதிகாரி காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நின்று பார்த்தான். ஒவ்வொரு பூவாக எடுத்து வாசலுக்கு வெளியே போட்டான். சித்தி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். கடைசியில் ஒரே ஒரு பூவும், ஆற்றங்கல்லின் மேல் நான் பாசி படியவிட்டு வைத்திருந்த தட்டும், பெரணிகளும் மிச்சம். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தான்.

"இது யாரு வச்சதுன்னு கேக்குறாரு" என்றார் சிரம்பான்காரர்.

"நான்தாங்க" என்றாள் சித்தி.

அதிகாரி என் கையைப் பார்த்தான். நகத்துக்குள் மண் இருந்தது. சித்தியின் கையைப் பார்க்கவே இல்லை.

செடியைத் தொடும்போது அவன் விரல் அவ்வளவு மெதுவாக இருக்கிறது, அக்கா. ஒரு பெரணியில் காய்ந்த இலை ஒன்று இருந்தது. அதை நோகாமல் கிள்ளி, சித்தப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். பிறகு அதே கையால் அவர் கன்னத்தில் அறைந்தான். சித்தப்பா குனிந்து வணங்கினார். குனிந்தது போதவில்லை என்று இன்னொரு அறை.

அவன் போன பிறகு சித்தப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிப்போனார். அதை எழுத வேண்டாம்.

கூடத்தின் உள்மூலையில் வெளிச்சம் வராது. அங்கே வைத்தால் பெரணி பழுத்துவிடும். ஆனால் அந்த மூலை வெறுமையாக இருக்கக் கூடாதாம். அதனால் ஆற்றோரத்தில் மறைவாக ஒரு பாத்தி போட்டிருக்கிறேன். உள்ளே சோர்கிறதை வெளியே கொண்டுபோய் நட்டுவிட்டு, வெளியே தேறியதை உள்ளே கொண்டுவந்து வைக்கிறேன். வீட்டுக்குள் எதுவும் வாடுவதில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பாவை இரவில் குளிக்க வேண்டாம் என்று சொல்.

பஞ்சாலை

—

கல்மலைத் தோட்டம், தம்பின்
20 ஜூன் 1943

பஞ்சாலைக்கு,

அக்கா எழுதுவது. எண்ணெய் வந்தது. பாதியைச் செல்லம்மா அண்ணிக்குக் கொடுத்தேன். அவளுக்கு இடுப்பு வலி. மிச்சத்தில் என் புண் காய்ந்துவருகிறது. அப்பாவும் சுமாராக இருக்கிறார். நீ மெலிந்திருப்பாய் என்று நல்லசாமி அண்ணன் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டேன்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், வேலை வாங்குகிற மண்டோர் என்னைப் பார்த்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மாயாண்டிக்கு என்ன கவல. சின்ன மவள கிராணி வீட்டுக்கு அனுப்பியாச்சு. அது பூ வைக்கும், இவரு இங்க காலாட்டலாம்." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா பால் வாளியை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். பின்னாலேயே போய், "நீங்க ஏதாச்சும் திருப்பிச் சொன்னா என்ன" என்று கேட்டேன். "அவன் சொல்றதுல பொய் எது" என்றார்.

வீட்டுக்கு வந்து சோறும் தின்னவில்லை. சோறு என்று எழுதிவிட்டேன். கிழங்குதான்.

உன் பேரத்தை நான் சொல்லவில்லை. ஊரே சொல்லிவிட்டது. இனி அப்பா தலை நிமிர மாட்டார். சயாமுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எங்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். நீ ஒரு மங்கில் பெரணி நட்டால், இங்கே எங்களைப் பார்த்து ஒரு வீட்டுக் கதவு சாத்துகிறது. அதையும் தெரிந்துகொள்.

வந்துவிடு என்று அப்பா சொல்கிறார். நான் சொல்லவில்லை. வந்தால் உனக்குப் போட இங்கே ஒன்றுமில்லை.

வள்ளியம்மா

—

செனாவாங்
18 ஜூலை 1943

அன்புள்ள அக்காவுக்கு,

பஞ்சாலை அவசரமாக எழுதுவது. நலம் விசாரிக்க நேரமில்லை. நீயும் அப்பாவும் நன்றாக இருந்தாக வேண்டும்.

போன தடவை அதிகாரி வந்தபோது நடந்ததை முதலில் சொல்கிறேன். கூடத்தில் கண்ணாடிக் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றி ஆகாயத்தாமரை மிதக்கவிட்டிருந்தேன். மூங்கில் குழாய்களிலும் தண்ணீர். பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது. அதில் கொசு முட்டையிட்டுப் பெருகிவிட்டது. இரவெல்லாம் கடி. "ஒன் அலங்காரத்துல எனக்குக் குளிர் காய்ச்சல் வரும்டீ" என்று சித்தி துடைப்பத்தால் அடித்தாள். கொசு அண்டாது என்று வேப்பங்கொத்து ஒடித்துக் கதவு நிலையில் செருகினேன். அம்மா நம் வீட்டில் தொட்டில் மேல் செருகுவாளே, அதே நினைப்பில். வாசலில் வேப்பிலை என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் அதிகாரியின் கார் வந்தது. படியேறிய சிரம்பான்காரர் வேப்பிலையைப் பார்த்ததும் செருப்போடு பின்வாங்கி இறங்கிவிட்டார். "கிராணியாரே, ஆத்தா வந்திருக்காளா? சொல்லக் கூடாதா?" என்றார். அதிகாரி என்னவென்று கேட்டான். அவர் தன் முகத்தில் விரலால் புள்ளி புள்ளியாகக் குத்திக் காட்டினார். அம்மை என்று புரிந்ததும், அக்கா, ஒரு பாத்திரத்தில் காய்ந்த இலை இருந்ததற்காக ஆளை அறைகிற மனுஷன், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு காருக்கு ஓடினான். சித்தப்பா கத்திக்கொண்டே பின்னால் ஓடினார். நிற்கவில்லை.

எனக்குக் கிடைத்ததைப் பற்றி விடு. ஒரு கண் இப்போதுதான் திறக்கிறது.

பிறகு சித்தப்பா சிரம்பான் போய் விழுந்து கும்பிட்டுச் சரிசெய்துவிட்டு வந்தார். வரும்போது புது உத்தரவோடு வந்தார். அடுத்த மாதம் கல்மலைத் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு ஆண் சயாமுக்குப் போக வேண்டும். விதிவிலக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"எங்க அக்கா வீடுமா?" என்றாள் சித்தி.

"வீட்டுக்கு ஒருத்தன்னா எல்லா வீடும்தான்."

"அந்தப் புள்ளைக்கு வாக்கு குடுத்தீங்களே."

"வாக்கு நான் குடுத்தது. உத்தரவு அவன் குடுத்தது."

சித்தி உள்மூலைக்குப் புதுப் பெரணி வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள்.

அக்கா, லாரி வருகிற அன்று விடிவதற்குள் நம் கதவில் வேப்பிலை கட்டு. கட்டின வீட்டுக்குள் அவர்கள் நுழைய மாட்டார்கள். என் கண்ணால் பார்த்தேன். என் மேல் உள்ள கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்.

பஞ்சாலை

—

கல்மலைத் தோட்டம், தம்பின்
28 ஜூலை 1943

பஞ்சாலைக்கு,

வள்ளியம்மா எழுதுவது. கண்ணுக்கு முருங்கை இலையை இடித்துக் கட்டு. அப்பா சொன்னது.

வேப்பிலை விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். "ஆத்தா பேரச் சொல்லி நான் வீட்டுக்குள்ள ஒளியணுமா? வராத ஆத்தாள வந்தான்னு கட்டினா, அவ நெசமாவே வந்து கேப்பா" என்றார். உனக்கு இந்தப் பயம்கூட இல்லாமல் போய்விட்டதா? பங்களாவில் இருந்தால் சாமியும் ஒரு அலங்காரச் சாமான் ஆகிவிடுகிறதா?

இவ்வளவும் கேட்டுவிட்டேன். ஆனாலும் கட்டுவேன். பாவத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். நீ ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அங்கேயே பெரணிக்குத் தண்ணீர் ஊற்று.

கட்டிய பிறகு இந்த வீட்டிலிருந்து ஒரு துரும்பு வெளியே போகக் கூடாது. யாரும் படி மிதிக்க மாட்டார்கள். காகிதமும் வராது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரை அப்படித்தான். உனக்குத் தெரியாததல்ல. கடிதம் வரவில்லை என்று நல்லசாமி அண்ணனை நச்சரிக்காதே.

செல்லம்மா அண்ணிக்கு ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது. தாய்க்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.

வள்ளியம்மா

—

செனாவாங்
22 ஆகஸ்டு 1943

அன்புள்ள அக்காவுக்கு,

பஞ்சாலை எழுதுவது. நீ பதில் போட முடியாது என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன். நீயும் அப்பாவும் உள்ளே சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

கல்மலைக்கு லாரி வந்துபோனதை இங்கே பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று நல்லசாமி அண்ணன் வந்தார். "ஒங்க வூட்டு வாசல்ல வேப்பில தொங்குது. நான் ரோட்டோட நின்னு பார்த்துட்டு வந்துட்டேன். ஆத்தா இருக்கிற வூட்டுக்கிட்ட நான் வர மாட்டேன்லா, எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார். அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். உள்ளே எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டு வரச் சம்மதித்திருக்கிறார்.

யாரெல்லாம் போனார்கள்? முனியாண்டி அண்ணன் போய்விட்டாரா? செல்லம்மா அண்ணி தனியாகப் பச்சைப் பிள்ளையோடு என்ன செய்வாள்? கேட்கவே பயமாக இருக்கிறது. நம் வீடு தப்பியது என்று சந்தோஷப்படுகிற இந்த நேரத்தில் அதைக் கேட்கிறேன் என்று நீ திட்டுவாய். திட்டு.

அப்பாவிடம் சொல், வேப்பிலையை அவசரப்பட்டு எடுக்க வேண்டாம்.

பஞ்சாலை

—

செனாவாங்
19 செப்டம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

பஞ்சாலை எழுதுவது. உங்கள் இருவருக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? இன்னும் தண்ணீர் ஊற்றவில்லையா? நல்லசாமி அண்ணன் போகும்போதெல்லாம் வேப்பிலை புதுசாக இருக்கிறதாம். நல்லதுதான். அடுத்த லாரியும் போகட்டும் என்று காத்திருக்கிறாய், உன் புத்தி எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு அதிசயம். மரத்திலிருந்து எடுத்துவந்து சன்னலோரம் கட்டியிருந்த புறாப்பூச் செடி, மொட்டே இல்லாமல் குச்சி குச்சியாக இருந்தது. பெரிய மழை பெய்து குளிர்ந்து, சில நாள் கழித்து ஒரே காலையில் எல்லாம் பூத்துவிட்டது. வெள்ளையாக, புறாக்கள் கூட்டமாக உட்கார்ந்த மாதிரி. கூடமெல்லாம் வாசனை. அன்றைக்கென்று அதிகாரி வந்தான். பூவைக் கழற்றி எறியவில்லை. தரையில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தான். சாயங்காலத்துக்குள் எல்லாம் வாடித் தொங்கிவிட்டன. அவன் அதையும் பார்த்துவிட்டுத்தான் போனான். யாரையும் அடிக்கவில்லை.

சித்தியும் இப்போது அடிப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை எனக்கு அரிசிச் சோறு போட்டாள். சித்தப்பா என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். பெரணி எல்லாம் செழித்திருப்பதால் இருக்கலாம்.

கீழே இருப்பது அப்பாவுக்கு. வாசித்துக் காட்டு.

அப்பா, உங்களுக்கு என் மேல் வருத்தம் என்று அக்கா எழுதியிருந்தாள். மண்டோர் சொன்னது பொய்யில்லை, நான் பூ வைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் ஊற்றும்போது, அப்பா கிழங்கு தின்றிருப்பார், அப்பா வேலை முடிந்து வந்திருப்பார் என்று நினைத்துத்தான் ஊற்றுகிறேன். சண்டை முடிந்ததும் வந்துவிடுவேன்.

உங்கள் இருவரின்
பஞ்சாலை

—

கல்மலைத் தோட்டம், தம்பின்
3 அக்டோபர் 1943

பஞ்சாலைக்கு,

வள்ளியம்மா எழுதுவது. என் கால் ஆறிவிட்டது. மற்றதை உட்கார்ந்து படி.

உன் கடைசிக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். அதை யாருக்கு வாசித்துக் காட்டுவேன்? அப்பா இங்கே இல்லை. லாரி வந்த அன்றே போய்விட்டார்.

விடியுமுன் வேப்பிலை கட்டினேன். மண்டோர் வந்தான், பார்த்தான், நம் வீட்டைத் தாண்டிப் போனான். நீ சொன்னது சரிதான், யாரும் படியில் கால் வைக்கவில்லை. அடுத்த கதவு முனியாண்டி அண்ணனுடையது. காய்ச்சலோடு கிடந்த செல்லம்மா அண்ணி எழுந்து வந்து மண்டோர் காலைப் பிடித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டோம்.

அப்பா சட்டையை எடுத்து மாட்டினார்.

"எங்கப்பா கிளம்புறீங்க? நம்மளத்தான் விட்டுட்டானே" என்றேன்.

"நம்மள விட்டுட்டு அடுத்த கதவுல அவன இழுக்குறான். அவ பச்ச ஒடம்புக்காரி. நான் போனா ஒனக்கு ஒரு வேள கிழங்கு மிச்சம். அவன் போனா அங்க ரெண்டு பொணம் விழும்."

"தங்கச்சி அங்க ஒங்களுக்காக அடி வாங்கிட்டு இருக்கா."

"அதான், அதுக்குச் சொல்லாத. தெரிஞ்சா அதுக்குக் கை நடுங்கும். கை நடுங்கினா அந்தப் பாவிங்க இன்னும் அடிப்பானுங்க."

பின்வாசல் வழியாக இறங்கி, ரப்பர் காட்டைச் சுற்றிப் போய், ரோட்டில் லாரியை நிறுத்தி ஏறிக்கொண்டார். முனியாண்டிக்குப் பதில் நான் என்றாராம். வேப்பிலை வீட்டு ஆள் என்று மண்டோருக்குத் தெரியும். தலைகள் சரியாக இருந்தால் அவனுக்குப் போதும், முனியாண்டி அண்ணனை இறக்கிவிட்டான்.

நான் வேப்பிலையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் பொய் என்று தெரிந்துவிடும், சிரம்பானுக்கு இழுத்துப் போவார்கள். அதனால் உள்ளே தனியாகக் கிடந்தேன். லயத்துப் பெண்கள் அப்பாவுக்கென்று வாசலில் கஞ்சி வைத்துவிட்டுப் போவார்கள். கதவைத் திறந்து எடுத்து நானே குடித்தேன். பேசாமல் இருந்தவர்கள்கூட வைத்தார்கள். முனியாண்டி அண்ணன் வீட்டுக்கு மட்டும் உண்மை தெரியும்; இந்தக் காகிதத்தை அவர்தான் நல்லசாமி அண்ணனிடம் சேர்க்கிறார்.

அப்பா சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ புறாப்பூ வாசனையைப் பற்றி எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் மூடியிருப்பேன். அவரை ஏற்றி அனுப்பியவன் தரையில் உட்கார்ந்து பூ பார்த்த கதையை அவருக்கே வாசித்துக் காட்டச் சொல்கிறாய். அதைத் தாங்கிக்கொள்ள எனக்கு வயது போதாது.

கிராணிக்கு அன்றைக்கே தெரியும். ஏறினவர்களின் பேர் அவனிடம்தான் போகிறது. உனக்கு ஏன் அரிசிச் சோறு போட்டார்கள் என்று இப்போது புரிகிறதா?

சயாமிலிருந்து இதுவரை ஒரு சேதியும் இல்லை.

வள்ளியம்மா

—

செனாவாங்
10 அக்டோபர் 1943

அக்காவுக்கு,

பஞ்சாலை எழுதுவது. என் உடம்புக்கு என்ன என்று எனக்கே தெரியவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். முனியாண்டி அண்ணன், செல்லம்மா அண்ணி, அந்தப் பிள்ளை மூவரும் சுகமாக இருக்க வேண்டும். அவர்களை நான் ஒரு நாளும் வெறுக்க மாட்டேன் என்று சொல்.

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று காலையில் சித்தப்பா பசியாறும்போது கேட்டேன். "எங்க அப்பா எங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. "நான் பேர் குடுக்கல. வேப்பிலை வீடுன்னு விட்டாச்சு. அவனாப் போய் ஏறிக்கிட்டா நான் என்ன பண்றது? என் வாக்குல தப்பில்ல."

"தெரிஞ்சப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?"

சித்தி சொன்னாள்: "சொல்லியிருந்தா நீ செடிக்குத் தண்ணி ஊத்தியிருப்பியா?"

அதை மறைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை, அக்கா. அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள்.

"கடுதாசி வந்துச்சா? யார் கொண்டாந்தா?" என்று சித்தப்பா எழுந்து வந்தார். சொல்லவில்லை. அடித்தார். முன்பெல்லாம் அடிக்கும்போது, இவருக்குக் கோபம் வந்தால் அப்பா பேரைச் சொல்லிவிடுவாரே என்றுதான் எனக்கு நடுங்கும். வலிக்காக அழுததே இல்லை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இன்று வெறும் அடியாக இருந்தது. அவருக்கே கை ஓய்ந்துபோய் ஆபீசுக்குப் போய்விட்டார்.

நாளை அதிகாரி வருகிறான். உள்மூலையில் பெரணி பழுத்துக் கிடக்கிறது. கூடத்தில் ஒன்றுக்கும் நான் தண்ணீர் ஊற்றவில்லை, இனி ஊற்றவும் மாட்டேன். ஆற்றோரப் பாத்தி எங்கே இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாளை அங்கே கிளம்பி வருகிறேன். கூட்டிப் போகிற ஆளின் பேரை இங்கே எழுதவில்லை. இங்கே விட்டுவைப்பார்களா, வழியில் பிடிப்பார்களா என்று தெரியாது. வந்து சேர்ந்தால் எனக்கு ஒன்றும் போட வேண்டாம், நான் மண்வெட்டி பிடிப்பேன். என் மேல் உள்ள கோபத்தை மிச்சம் வைத்திரு, நேரில் கேட்டுக்கொள்கிறேன். நீ என்னிடம் சொல்லாமல் இருந்ததற்கு எனக்கும் கோபம் இருக்கிறது. அதையும் நேரில்தான்.

இதை நடுப்பகலில் எழுதுகிறேன். கூடத்தில், வாசலுக்கு நேரே தரையில் உட்கார்ந்து. சித்தி தண்ணீர்ச் செம்போடு வந்து எதிரே நிற்கிறாள்.

"யாருக்குடி எழுதுற? என்னத்த எழுதுற?" என்று கேட்டாள்.

முதல் வரியிலிருந்து இதுவரை நிதானமாக, சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

உன் தங்கை
பஞ்சாலை